சேருமா, சேராதா?

லித்தியமும் ஹாலோபெரிடாலும் சேருமா? ‘கடுமையான ஆபத்து’ என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறது ஒரு மருந்துக் கையேடு. ‘மிதமானது, கவனித்தால் போதும்’ என்கிறது இன்னொன்று. மனநல மருத்துவர்களோ, மேனியா உச்சத்தில் இருக்கும் பைபோலார் நோயாளிகளுக்கு இரண்டையும் பல காலமாகச் சேர்த்தே எழுதித் தருகிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1974-இல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் நான்கே நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம். மூளைப் பாதிப்பு மாறாமல் நின்றுவிட்டவர்களும் உண்டு. 1976-இல் டென்மார்க் மருத்துவர்கள் இதே ஜோடியைச் சாப்பிட்ட 425 பேரின் சிகிச்சைப் பதிவுகளை அலசினார்கள். அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த நால்வரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் கையேடு அலறுகிறது. 425 பேரை நம்புவது அடக்கி வாசிக்கிறது. செல்போனில் தேடும் குடும்பத்தின் கண்ணில் படுவதோ அந்தச் சிவப்பு வரி மட்டும்தான்.

எச்சரிக்கை கூடினால் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. தப்பு இருக்கிறது. பயந்துபோன அம்மா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகனின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான்.

குளோசபைனைப் பாருங்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுப்பது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால், குளோசபைனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி முடங்கி, ரத்தத்தில் அதன் அளவு ஏறும். இது மெய்யான ஆபத்து. பீடிப் புகை செய்வது நேர்மாறு. அதே நொதியை முடுக்கிவிடும். நாள் முழுக்க பீடி பிடித்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சட்டென்று விட்டால், அதே மாத்திரை, அதே டோஸ், ஆனால் ரத்தத்தில் அளவு எகிறும். அசத்தும் தூக்கம், எச்சில் ஒழுகல், வலிப்புவரை போகலாம். மாத்திரைப் பெயரை மட்டும் கேட்கும் செயலியில் பீடியை எங்கே போடுவது?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பயத்தில் குளோசபைனை நிறுத்திய வீட்டில், நோய் தலைதூக்கியதும் பழைய டோஸையே மறுபடி கொடுப்பார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் அப்படிக் கொடுக்கவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம். டாக்டர் மேற்பார்வையில் 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இந்த விவரம் கையேட்டில் டோஸ் பற்றிய பகுதியில் இருக்கிறது. எது எதோடு சேராது என்று மட்டும் தேடி, மாத்திரையை நிறுத்தியவர் அந்தப் பக்கம் போவதே இல்லை.