அண்ணன் தர வேண்டிய 12,000 வெள்ளி

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக்கூடத்திலிருந்து வெளியே வந்ததும் அம்மா அழைத்தார். “ரேடியோவில ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்ற. அண்ணன்கிட்ட எப்பப் பேசப் போற?”

அன்று நேயர்களுக்கு நான் கொடுத்திருந்த தலைப்பு, ‘விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை’.

அண்ணனிடம் பேசி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீவக வீட்டின் முன்பணத்துக்காகச் சேர்த்த 12,000 வெள்ளியை அவருடைய தொழிலுக்குக் கொடுத்திருந்தேன். “ஆறே மாசம்” என்றார். தொழில் நொடித்துப்போனது. பணம் போனதைவிட, என் அழைப்புகளை அவர் எடுக்காமல் விட்டதுதான் வலித்தது. கிறிஸ்துமஸ் அன்று அவர் மாலையில் வருவார் என்றால், நான் மதியமே அம்மா வீட்டிலிருந்து கிளம்பிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, ஒரு சொல்லில் நாக்கு நின்றது. மன்னிப்பைக் கேட்கும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் தமிழ் மொழிபெயர்ப்பில் வருவது ‘கடன்’ என்ற சொல். பிறர் நமக்குப் பட்ட கடனை விட்டுவிட்டு, நம் கடனை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் கேட்கிறோம். மற்றவர்களுக்கு அது உவமையாக இருக்கலாம். எனக்கு வெள்ளியும் காசுமாக நின்ற கணக்கு.

பேராயர் பார்த்த குழந்தைகள்

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய கணக்கை மூடியவர் ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த லியனார்ட் வில்சனை, 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவக் காவல்படை பிடித்துச்சென்று பல நாள் வதைத்தது. போர் முடிந்தபின், 1946ல் பிபிசி வானொலியில் அவர் அதைப் பற்றிப் பேசினார். தம்மை அடித்தவர்களும் ஒருகாலத்தில் உடன்பிறந்தவர்களோடு விளையாடிய குழந்தைகள்தானே என்று எண்ணிப் பார்த்ததாகவும், குழந்தைகளை வெறுப்பது கடினம் என்றும் சொன்னார். பின்னர் அவரை வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரானபோது, திடப்படுத்தல் சடங்கை நடத்திவைத்தவரும் அவரே.

நானும் முயன்று பார்த்தேன். பள்ளி உணவகத்தில் தன் காசில் எனக்கு மீ கோரெங் வாங்கிக் கொடுத்துவிட்டு, “எனக்குப் பசிக்கல” என்று தண்ணீர் குடித்த பையன் நினைவுக்கு வந்தான். அன்றிரவே அழைத்தேன்.

“அண்ணா, அந்தப் பணத்தை நீங்க தர வேண்டாம். ஆனா நீங்க போனை எடுக்காததுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.”

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, “சாப்பிட்டியா?” என்றார். எங்கள் வீட்டில் அதுதான் மன்னிப்புக் கேட்கும் முறை.

மறுபடியும் கடன் கொடுப்பேனா?

மாட்டேன். மன்னிப்பை நாம் இலவசமாகக் கொடுக்கலாம். நம்பிக்கையை அவர் மெல்ல மெல்லத்தான் சம்பாதிக்க வேண்டும். நடந்ததை ‘ஒன்றுமில்லை’ என்று மூடிமறைப்பதும் மன்னிப்பு ஆகாது. பேராயர் வில்சன் வானொலியில் பேசிய அதே 1946ல், அந்தச் சித்திரவதைகளுக்காக 21 பேர் இங்கே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் “மன்னித்துவிட்டுப் பொறுத்துப்போ” என்று சொல்வது வேத போதனை அல்ல. முதலில் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் அழைத்துப் பேசிய மறுமாதமே அண்ணன் புதுக் கைப்பேசியோடு வந்தார். ‘இதற்கு மட்டும் பணம் இருக்கிறதா?’ என்று உள்ளே கொதித்தது. மூடிய கணக்கை மனம் மறுபடி திறந்துவிட்டது.

ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபது தடவை என்று இயேசு சொன்னதன் பொருள் அன்றுதான் புரிந்தது. ஏழெழுபது தவறுகளுக்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒரே தவறையே அத்தனை தடவை மன்னிக்க வேண்டியிருக்கும்போல.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாலைவரை அம்மா வீட்டில் இருக்கப்போகிறேன்.