கூரை யாருடையது?

ஓராண்டில் தான் செலவிடுவதைவிடக் கூடுதலான ஆற்றலைத் தானே உற்பத்தி செய்யும் நகர்ப்பகுதியை ஆற்றல்மிகைக் குடியிருப்பு என்கிறோம். 2025க்குள் இத்தகைய நூறு பகுதிகளை உருவாக்க ஐரோப்பிய நாடுகள் 2018இல் இலக்கு வகுத்தன. வெப்பத்தைத் தடுக்கும் கட்டடம், சிக்கனமான நுகர்வு, கூரைமேல் சூரிய மின்தகடு ஆகியவையே இதன் அடித்தளம்.

நம் நாட்டில் கூரையே முதற்சிக்கல். 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அளிக்கிறது. ஆனால் சொந்த வீடும் ஏற்ற கூரையும் இருத்தல் அதன் நிபந்தனை. சென்னையின் நடுப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டு, பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களில் குடியமர்த்தப்பட்ட தலித் குடும்பங்களுக்குத் தனிக்கூரை ஏது? நில உரிமை மறுக்கப்பட்ட வரலாறு இங்கே மானிய மறுப்பாகத் தொடர்கிறது.

இதற்குச் சட்டவழி உண்டு. பொதுவிடத்தில் விளையும் மின்சாரத்தைப் பங்கிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் கட்டணத்திலும் கழிப்பது மெய்நிகர் நிகர அளவீடு. தில்லி 2019இலேயே இதற்கு நெறிமுறை வகுத்தது. எட்டடுக்கின் ஒரே மொட்டைமாடி அத்தனை வீடுகளுக்கும் போதாது என்பதால், அருகிலுள்ள அரசுக் கட்டடங்களின் கூரைகளையும் இணைக்க வேண்டும்.

நாம் கோருவது இரண்டு: அம்மின்சாரத்தில் குடியிருப்போரின் பங்கு விதியாக எழுதப்பட வேண்டும்; திட்டமிடும் குழுவில் அவர்கள் இடம்பெற வேண்டும்.