தேங்காய் வாசம் வீசும் அயர்லாந்துச் சாலைகள்

இடைநிலைப்பள்ளியில் ஆண்டுதோறும் நடக்கும் மெரந்தாஸ் டேசா ஓட்டத்தில் நான் ஒரு முறைகூட முதல் 50 இடங்களுக்குள் வந்ததில்லை. எங்கள் தெலுக் இந்தானில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இருபுறமும் செம்பனை, நடுவில் மண்பாதை. பாதித் தூரத்திலேயே தோழிகளோடு கதை பேசி நடக்கத் தொடங்கிவிடுவேன். நான் ஓட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால் என் உடற்கல்வி ஆசிரியர் சிரிப்பார்.

மருத்துவம் படிக்க அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் குளிர்காலத்தில்தான் ஓடத் தொடங்கினேன். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். அறையில் அடைந்து கிடந்தால் அழுகைதான் வரும் என்பதால் சால்ட்ஹில் கடற்கரை நடைபாதையில் ஓடினேன். பாதை முடியும் இடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத் திரும்புவது ஊர் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நானும் உதைத்தேன்.

ஏப்ரலில் நகரைத் தாண்டிக் கிராமச் சாலைகளுக்குப் போனேன். இங்கே இந்தக் குறுகலான சாலைகளை 'போரீன்' என்பார்கள். ஒரு கார் மட்டுமே போகும் அகலம், இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலி. நடுவில் புல் முளைத்திருக்கும். திடீரென்று தேங்காய் வாசம்! வீட்டு நினைப்பில் மூக்கும் பொய் சொல்கிறதோ என்று நின்றுவிட்டேன். வேலியோரம் மஞ்சளாகப் பூத்திருந்த 'கோர்ஸ்' என்னும் முட்புதரின் வாசம் அது. அயர்லாந்தில் பாம்பு கிடையாது என்பதால் புதரருகே நின்று தைரியமாக முகரலாம்.

அப்பா லாரி ஓட்டுநர். நான் தனியாக ஓடுகிறேன் என்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "வலது பக்கமா ஓடும்மா. எதிர வர்ற வண்டி உன் கண்ணுக்குத் தெரியணும். வளைவுல மட்டும் ரொம்ப ஓரமா நில்லு." இங்கும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, அதனால் அந்த அறிவுரை அப்படியே பொருந்தியது. 2025 பிப்ரவரியில் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் வேக வரம்பை 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். ஆனாலும் வளைவில் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கும். கடந்துபோகும் விவசாயிகள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். பதிலுக்கு நாமும் கையை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் ஆண்டு இறுதியில் உடற்கூற்றியலில் தோற்றேன். மறுதேர்வு ஆகஸ்டில். மலேசியத் தோழிகள் எல்லாரும் விமானம் ஏறிவிட்டார்கள். வீட்டில், "மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறது, இந்த விடுமுறைக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டேன். அப்பா தன் இபிஎஃப் பணத்தை எடுத்துத்தான் என்னை அனுப்பினார். அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பகலில் படிப்பு, மாலையில் ஓட்டம். கானமாரா பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பு நிறச் சதுப்பு நிலம். செடிகள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான கரிமண் அது. வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். 'டர்ஃப்' என்று பெயர். ஒருநாள் பச்சைப் பசேலென்று இருந்த இடத்தைப் புல்தரை என்று நம்பிக் கால் வைத்தேன். முழங்கால் வரை இறங்கியது. கால் வெளியே வந்தது, காலணி வரவில்லை. டர்ஃப் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவர் வந்து, மண்வெட்டியால் தோண்டிக் காலணியை எடுத்துக் கொடுத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரும் ஊற்றினார். நான் மருத்துவ மாணவி என்றதும், தம் முழங்கால் வலியைப் பற்றி நீளமாகச் சொல்லிவிட்டு, எப்போது டாக்டர் ஆவாய் என்று கேட்டார். ஈரக் காலணியின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தெற்கே கிளேர் மாவட்டத்தில் இருக்கும் பரன் இதற்கு நேரெதிர். மண்ணே இல்லை, சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை மலை முழுக்கப் பாளம் பாளமாக விரிந்து கிடக்கிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அயர்லாந்து பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தபோது, வெதுவெதுப்பான கடலடியில் உருவான பாறை அது. ஈப்போ சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பாறை இடுக்குகளில் கால் சிக்கினால் கணுக்கால் போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் மாடு ஓட்டிச் சென்ற புல்பாதைகளிலேயே ஓடுவது நல்லது. வேகம் வேண்டாம்.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு மேயோ மாவட்டத்தின் கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே போதும். 1937இல் மூடப்பட்ட ரயில் பாதையின் மீது அமைத்த தடம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 42 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்டதால் பெரிய ஏற்றம் இல்லை. எனக்கு அது கொஞ்சம் சலிப்புத்தான்.

ஜூலையில் ஒரு காலை, என்னோடு வாடகை வீட்டில் இருக்கும் ஐரிஷ் தோழி கிலரி என்ற இடத்துக்குக் காரில் அழைத்துப் போனாள். மலைகளுக்கு நடுவே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உள்ளே நுழைந்திருக்கும் கடல் அது. எதிர்க்கரையில் 814 மீட்டர் உயரமுள்ள மில்ரே மலை. நீரில் சிப்பி வளர்க்கும் மிதவைகள் வரிசை வரிசையாக நின்றன. தென்கரையோரம் புல் மூடிய ஒரு பழைய பாதையில் ஓடினோம். தடுக்கிவிடும் கற்கள், ஆங்காங்கே ஓடை, முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள். வாயில் கதவு இருந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இது தனியார் நிலம், அனுமதியின் பேரில்தான் ஓடுகிறோம் என்றாள் தோழி.

வழியில் கூரையில்லாத கல்வீடுகள். அதற்கு மேல் சரிவில், வயல் வரப்புகள் போல நீள நீளமான கோடுகள். உருளைக்கிழங்குப் பாத்திகளாம். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் கிழங்கு அழுகி, சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள்; அதே அளவு மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். நாங்கள் ஓடிய பாதையே பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்தவர்கள் போட்டது என்றாள். அதன் பிறகு இருவரும் ஓடவில்லை, நடந்தோம். இந்த வீடுகளிலிருந்து கப்பலேறியவர்கள் ஊருக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தேன். உண்மையையா, அல்லது என்னைப் போல எதையாவதா?

லீனேன் கிராமத்தை அடைந்தபோது காலை பதினொன்று. நம் நாட்டில் மாலை ஆறு. அப்பா வேலை முடிந்து வந்திருப்பார். கடையோரச் சுவரில் உட்கார்ந்து அழைத்தேன். மருத்துவமனைப் பயிற்சி எதுவும் இல்லை, ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்.

"மறுபடி எழுத விடுவாங்களா?"

"விடுவாங்க, பா. ஆகஸ்ட்ல."

"அதுக்குக் காசு கட்டணுமா?"

"கொஞ்சம். கடையில பகுதி நேரம் வேலை செஞ்சு சேர்த்து வச்சிருக்கேன்."

"அம்மாகிட்ட நான் சொல்றேன். நீ இப்போ எங்க இருக்க, ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

மலை, கடல், ஆடு எல்லாம் சொன்னேன். திரும்பி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டார். கார் மறுமுனையில் நிற்கிறது, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் என்றேன். "ரோடு வர்ற இடத்துல வலது பக்கம்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆகஸ்டில் தேறினேன், மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். வரும் ஏப்ரலில் கானமாராவில் நடக்கும் அரை நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதில் கடைசிக் கட்டத்தில் ஒரு நீண்ட ஏற்றம் வருமாம். தெலுக் இந்தான்காரியின் கால்களுக்கு இன்னும் அது பழகவில்லை.