மொட்டை மாடியில் ஒரு கால் நூற்றாண்டு

வேதாரண்யத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் என் பால்ய சிநேகிதர், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், சென்ற புரட்டாசியில் மூன்று கொட்டேஷன்களை என் முன்னே பரப்பி வைத்தார். மூன்றும் மூன்று கிலோவாட் சோலார் அமைப்புக்கானவை. ஆயினும் மிகக் குறைந்த தொகைக்கும் மிக அதிகமான தொகைக்கும் இடையே ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேல் பேதம் இருந்தது. “இதில் நம்மை ஏமாற்றுகிறவர் யார், சொல்லப்பா” என்றார். மூவருமே யோக்கியர்களாக இருந்தும் இந்த வித்தியாசம் நேரக்கூடும் என்று அவருக்கு விளக்கப் புகுந்த நான், அன்று பொழுது சாயும் வரையில் அந்த மாடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

பேனலின் உயிர் சிலிக்கான். அதைச் சுத்திகரித்து, பாளமாக வார்த்து, மெல்லிய தகடுகளாக அறுத்து, செல்லாக்கி, செல்களைக் கோத்துக் கண்ணாடிக்கடியில் பதித்தால் பேனல். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் உலக உற்பத்தித் திறனில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் சீனத்தின் கையில் இருப்பதால், அங்கே உலை பெருகினாலும் அணைந்தாலும் அதன் அதிர்வு நம் ஊர்க் கடைத்தெரு வரையில் வந்து சேர்கிறது. 2008-இல் கிலோ நானூறு டாலருக்கு மேல் விற்ற சுத்த சிலிக்கான், 2020-இல் பத்து டாலருக்கும் கீழே இறங்கி, 2022-இல் நாற்பதை நெருங்கி, பிறகு மறுபடியும் சரிந்தது. ஆகவே போன வருஷத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருஷத்து வியாபாரியோடு வாதாடுவதில் பிரயோஜனமில்லை.

நம் நாட்டில் விலை வேறுபடுவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நண்பரின் புதிரில் பாதியை அவிழ்த்ததும் அதுதான். உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பொருட்டு, 2022 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவிகிதமும் செல்லுக்கு 25 சதவிகிதமும் மத்திய சர்க்கார் சுங்க வரி விதித்தது. அதனால் செல்லை வெளியிலிருந்து வரவழைத்து இங்கே கோத்து விற்கும் பேனல் ஒரு விலைக்கும், செல்லும் இங்கேயே செய்யப்பட்ட பேனல் அதைவிடக் கூடுதலான விலைக்கும் விற்கின்றன. பின்னதைத்தான் வியாபாரிகள் ‘டி.சி.ஆர். பேனல்’ என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தின் மானியம், அதாவது முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அறுபதாயிரமும் மூன்றாவதற்குப் பதினெட்டாயிரமுமாக 78,000 ரூபாய், இந்த டி.சி.ஆர். பேனலுக்கு மட்டுமே கிடைக்கும். நண்பரிடம் இருந்த மிக மலிவான கொட்டேஷனில் அந்த மூன்றெழுத்து இல்லை. மலிவென்று அதை அவர் ஏற்றிருந்தால், ஐம்பதினாயிரம் மிச்சம் பிடித்து எழுபத்தெட்டாயிரத்தை இழந்திருப்பார்.

செல்லில் பாலி, மோனோ, டாப்கான் என்ற ஜாதி பேதங்களைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதில் உண்மை இருந்தாலும், அவர்கள் காட்டும் ஆவேசம் தேவையில்லை. பேனலின் முதுகில் அச்சிட்ட வாட் கணக்கு, செல்லின் உஷ்ணம் 25 டிகிரியாக இருக்கையில் பரீட்சித்து எழுதியது. நம் சித்திரை வெயிலில் அது 65 டிகிரியைத் தொடும்போது, பழைய பாலி தன் சக்தியில் ஏறக்குறைய 16 சதவிகிதத்தையும் டாப்கான் 12 சதவிகிதத்தையும் இழக்கின்றன. குறுகிய மாடி உள்ளவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வீதம் தாராளமாக இடம் உள்ளவர் மத்திம ரகத்தோடு திருப்தியடையலாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் உண்மையில் கவலைப்படுவது பேனலைப் பற்றியன்று. அதைத் தாங்கும் இரும்பைப் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய அந்தப் பிரதேசத்தில், தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், காற்றுக்குப் பாய்மரம் போல் விரிந்து நிற்கப்போகும் பேனல்களுக்கு அடியில் எந்தக் கனத்தில் குழாய் நிற்கிறது, துத்தநாகத்தில் தோய்த்ததா அல்லது வெள்ளிச் சாயம் பூசியதா, நங்கூர போல்ட் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேட்காமல் இருக்கலாகாது. உப்புக்காற்று சாயத்தை இரண்டு வருஷத்தில் தின்றுவிடும். விலையைக் குறைக்க விரும்பும் வியாபாரி முதலில் கை வைப்பது இந்த இரும்பிலும் ஒயரிலும் எர்த்திங்கிலும்தான். நண்பரின் மூன்று காகிதங்களில் ஒன்றில் மட்டுமே குழாயின் கனம் மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தது. விலையில் நடுவே நின்ற கொட்டேஷன் அது.

உத்தரவாதத்திலும் கவனம் வேண்டும். இருபத்தைந்து வருஷம் என்று பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் மின் உற்பத்தி இவ்வளவுக்குக் கீழே குறையாது என்பதற்கே. பேனல் பழுதானால் மாற்றித் தரும் உத்தரவாதம் அநேகமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம். இன்வெர்ட்டருக்கு அதனினும் குறைவு. பேனலின் வரிசை எண்களைப் பில்லில் எழுதி வாங்காதவர் பிற்பாடு எதைக் காட்டி முறையிடுவார்? மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண அமைப்பு, கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இருட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரி வேண்டும், செலவும் வெகுவாக ஏறும்.

மூன்று கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் பன்னிரண்டு யூனிட் தரும் என்று கணக்குப் போட்டு, தம் இரண்டு மாத பில்லோடு அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெற்குச் சுவரை ஒட்டி நின்ற தென்னையின் நிழல் மாடியின் ஓரத்தைத் தொட்டது. பேனல்களைச் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றையும் இழுத்துவிடும் என்றேன். உடனே உள்ளே போய்ச் சுண்ணாம்புக் கட்டி எடுத்து வந்து, நிழலின் விளிம்பில் கோடு கிழித்தார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்கையில் இதே நிழல் இன்னும் வெகுதூரம் நீளும் என்று நான் சொன்னதைக் கேட்டு, சற்று நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரம் கஜாவுக்குத் தப்பியது. அதை வெட்ட மனமில்லை என்றும், மார்கழி வரையில் பொறுத்து, அப்போது விழும் கோட்டுக்கு வடக்கே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கே பேனல் வாங்குவதாகவும் சொல்லி, காகிதங்களை மடித்து உள்ளே கொண்டுபோனார்.