டீக்கடையில் சிங்கம்... கிராமசபையில்?

கருப்பட்டிக்குப் பேர்போன எங்க வேம்பாரில் அரசியல் பேச்சுக்கும் பஞ்சமில்லை. டீக்கடை பெஞ்சில் எதிரெதிர் கட்சிக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு மோதுவார்கள். தூத்துக்குடி பஸ் வந்ததும், ‘அண்ணாச்சி, பையைக் குடுங்க, நான் எடம் போடுதேன்!’ என்று அதில் ஒருத்தர் துண்டோடு ஓடுவார். டில்லிச் சண்டை டில்லியோடு சரி!

இப்படி மனசு உள்ள நாம், உள்ளூர் நியாயத்தை மட்டும் ஏன் பேசுவதில்லை? 1994-ம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள அத்தனை பேரும் கிராமசபை உறுப்பினர்கள்தான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. இந்த நாலோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாளை 2022-ல் அரசு சேர்த்தது. வரவு செலவு கேட்கலாம். குடிநீருக்குத் தீர்மானம் போடலாம். நம்ம ஆபீஸ் வாலிபர்களோ அன்றைக்கு டி.வி.யில் புதுப்படம் பார்ப்பார்கள்!

வயசான அம்மா ஒருத்தர் எழுந்து, ‘எங்க தெருக் குழாயில...’ என்று ஆரம்பிப்பார். ‘சும்மா உக்காருங்க!’ என்று ஒரு அதட்டல் வரும். அப்போது, ‘அவங்க பேசி முடிக்கட்டும்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டாம். கொஞ்சம் ஈரமனசு போதும்.

அந்த ஆள் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது, சார்?