தோணியிலே ஸ்பரிசத்தின் தொழில்

மட்டக்களப்பு வாவியில், ஏறாவூர்க் கரையையொட்டி மீன்பிடிக்கச் செல்லும் தோணியிலே, ஒருவர் பின்னே நின்று கம்பூன்றிச் செலுத்த, மற்றவர் அணியத்தில் நிமிர்ந்து நின்று வீச்சுவலையை முழங்கையில் ஏந்தி, இடுப்பைத் திருகிச் சுழற்றி வீசுங் கணத்தில், அச்சுழற்சியின் எதிர்வேகத்தால் ஒடுங்கிய தோணி ஒருபுறம் சாய்கின்றது. கண் கண்டு மூளை நிதானிப்பதற்கு முன்னரே பின்னவருடைய உள்ளங்கால் அச்சாய்வை அறிந்துவிட, அவர் முழங்காலைத் தளர்த்திப் பாரத்தை மறுபுறம் மாற்றிக்கொள்கிறார். இருவருக்குமிடையே ஒரு வார்த்தையும் இல்லை. ஒருவர் சரீரத்தின் செய்தியை மற்றவர் சரீரத்துக்குத் தோணியே கொண்டுசெல்கின்றது.

நாம் விழாது நிற்பதற்குக் கண்ணும், உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களும் காரணமென்று பள்ளியிலே படித்திருக்கிறோம். தோலும் தசையும் மூட்டுகளும் அதே பணியில் இடையறாது ஈடுபட்டிருப்பதை ஏனோ அவ்வளவாக நினைப்பதில்லை. 1994ஆம் ஆண்டில் ஜான் ஜேக்கா, ஜேம்ஸ் லாக்னர் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள், ஒரு பாதத்தின் முன்னே மறுபாதத்தை நேர்கோட்டில் வைத்து நின்றவர்களை, அசையாத ஒரு பரப்பை விரல்நுனியால் தொடச் செய்து ஆராய்ந்தபோது, 100 கிராம் எடையளவுங்கூட இல்லாத அழுத்தம், உடலைத் தாங்குதற்கு ஒருபோதும் போதாத அழுத்தம், கண்ணை மூடியிருந்தவர்களின் தள்ளாட்டத்தையும் பெரிதும் குறைத்ததைக் கண்டனர். விரலின் தோல் எப்பக்கம் இழுபடுகிறதோ அதைக்கொண்டு உடல் எப்பக்கம் சாய்கிறதென்பதை மூளை அறிந்து, சாய்வு பெருகுமுன்னரே கால்தசைகளைத் திருத்துகின்றது. இத்தனை சிறிய தொடுகைக்கு இத்தனை காரியசித்தி இருப்பது என்னை இன்னும் வியப்பில் ஆழ்த்துகின்றது.

தொடப்படுவது சுவராயின் அது அசையாது. மனிதராயின் அவரும் அசைகின்றவர். அப்படியிருந்தும், இருவர் மெல்லத் தொட்டு நிற்கையில், ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து பரஸ்பரம் இசைந்து, தனித்து நிற்பதைவிட நிலைபெறக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. கீழைக் கடற்கரையில் கரைவலை இழுப்போர், ஒரே கயிற்றின் இறுக்கத்தையும் தளர்வையும் கையால் உணர்ந்து காலடி ஒத்து நடப்பதும் இவ்வினத்ததே.

மெல்லிய தொடுகையே இவ்வளவு உதவுமாயினும், முதியவரொருவரைத் தோணியில் ஏற்றும்போது அவர் புயத்தை இறுகப் பற்றி இழுப்பது நம்மிடையே வழக்கம். பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டப் பயின்றவர்களோ, அவரைத் தாம் பிடிக்காமல், தம் முழங்கைக்குச் சற்று மேலே அவரே பிடித்துக்கொள்ளவிட்டு, அரைக் காலடி முன்னே நடப்பார்கள். நம் தோணித்துறையிலும் அம்முறையைக் கைக்கொள்ளுங்கள்: கையை நீட்டி உறுதியாக நில்லுங்கள், பிடிப்பதைப் பெரியவரிடமே விடுங்கள்.