அழியா முதலும் அன்றாட மாவும்

மதுராவில் கிடைத்த கல்தூண் ஒன்றில் வீட்டுச் செலவுக் கணக்கைப் போன்ற ஒரு செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. குஷாண மன்னன் ஹுவிஷ்கன் காலத்தது. ஆண்டு 28 என்று அதிலேயே குறித்திருக்கிறார்கள். கனிஷ்கனின் ஆண்டுக் கணக்கு கி.பி. 127இல் தொடங்கியதாகக் கொண்டால், இது கி.பி. 154-155 ஆகும். எழுத்து பிராமி, மொழி பிராகிருதம் கலந்த சமஸ்கிருதம்.

செய்தி இதுதான். பிரபு ஒருவர் ஒரு புண்ணியசாலைக்காக 1,100 புராணங்களை அளித்தார். (புராணம் என்பது இங்கே வெள்ளிக்காசு, கதையன்று!) பணத்தைச் சாலையாரிடம் கொடுக்கவில்லை. இரு தொழிற்குழுக்களிடம் 550 வீதம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்று மாவு அரைப்போர் குழு. மாதந்தோறும் வரும் வட்டியில் நூறு அந்தணர்க்கு உணவளிக்க வேண்டும். அன்றியும், நாள்தோறும் சாலை வாயிலில் 3 ஆடகம் சத்துமாவும் 1 பிரஸ்தம் உப்பும் கீரைக்கட்டுகளும் வைத்து, பசித்தும் தாகித்தும் வரும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். முதலைத் தொடலாகாது. இத்தகைய தருமத்திற்கு 'அக்ஷயநீவி', அதாவது அழியா முதல், என்று பெயர்.

ஓர் ஆடகம் எத்தனை லிட்டர் என்று கேட்பீர்கள். அது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. ஆயினும் அலகின் அளவு தெரியாமலே ஒன்றை அறியலாம். 4 பிரஸ்தம் சேர்ந்தது 1 ஆடகம். ஆகவே 3 ஆடகம் என்பது 12 பிரஸ்தம். மாவுக்கும் உப்புக்கும் விகிதம் 12:1. விகிதத்திற்கு அலகு கிடையாது. படி பெரிதானாலும் சிறிதானாலும் அது மாறாது. உப்பு சற்று மிகுதியாகப் படுகிறது. கீரைக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். சத்துமாவைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல யோசனையே. வறுபடும்போதே தானியம் உண்ணும் பதத்துக்கு வந்துவிடுகிறது. நீர் விட்டுப் பிசைந்தால் போதும். வாயிலில் அடுப்பு வேண்டாம், விறகும் வேண்டாம்.

இனி வட்டிக்கு வருவோம். மதுராக் கல்வெட்டு வட்டி வீதத்தைக் கூறவில்லை. ஏறத்தாழ அக்காலத்து நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்று, பௌத்தத் துறவியருக்காக நெசவாளர் குழுவிடம் வைத்த 2,000 காசுக்கு, நூற்றுக்கு மாதம் 1 என வீதம் குறிக்கிறது. அதையே இங்கும் பொருத்தினால் 1,100 காசுக்கு மாதம் 11 காசு வரும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உள்ளே வருவது காசு. வெளியே போவது மாவு. விலை இரட்டித்தால் அதே 11 காசுக்குப் பாதி மாவுதான் கிடைக்கும். ஆனால் கல்லில் வெட்டிய 3 ஆடகம் குறையாதே! இந்த இடைவெளியை யார் நிரப்புவது? மாவு அரைப்போரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து. மாவு விலை ஏறினால் அவர்கள் வருவாயும் ஏறும் அல்லவா?

குப்தர் காலத்தில் இத்தகைய தருமம் பொன்னில் நடந்தது. பில்சட் என்னுமிடத்தில் கி.பி. 415இல் சுவாமி மகாசேனர் (நம் முருகன்தான்) கோயிலில் துருவசர்மன் என்பவர் வாயிலும் சத்திரமும் அமைத்தார். பிரயாகைக்கு அருகிலுள்ள கட்வாவில், கி.பி. 407இல் 'சதாசத்திரம்' ஒன்றுக்கு 10 தீனாரமும், கி.பி. 417இல் 12 தீனாரமும் அளிக்கப்பட்டன. தீனாரம் பொற்காசு. சதாசத்திரம் என்றால் என்றும் உணவளிக்கும் இடம். நாம் வழங்கும் 'சத்திரம்' இச்சொல்லே.

பொன் அழியாது என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் பிற்காலக் குப்தர் காசுகளில் பொன் குறைந்து பிற உலோகம் மிகுந்தது. இதைக் காசை உருக்காமலே அறியலாம். காற்றிலும் நீரிலும் எடையிட்டு அடர்த்தி காணும் ஆர்க்கிமிடீஸ் முறைதான். தூய பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளிக்கு 10.5. எடையில் பாதி பொன், பாதி வெள்ளி கலந்த காசுக்கு 13.6 அளவே வரும். வட்டியைக் 'காசு இத்தனை' என்று எண்ணிக் கொடுத்தால் எண்ணிக்கை குறையாது; பொன் மட்டும் குறைந்துவிடும்.

இந்தத் தருமத்தைக் குலைப்பவனை ஐம்பெரும் பாவங்களும் சேரும் என்று கட்வாக் கல்வெட்டு எச்சரிக்கிறது. காசில் கலப்படம் செய்யும் அரசனை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.